மைக்கில் சொன்ன நிய்யத்

கோபத்தைக் கிலோக் கணக்கில் விற்கலாம் என்று அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டால், கோரிப்பாளையத்தில் முதல் கடை சபுராவுடையதாகத்தான் இருக்கும். சரக்குக்குப் பஞ்சமில்லை, எடையிலும் குறை வைக்க மாட்டாள். இப்போதைக்கு அவள் விற்பது எவர்சில்வர் பாத்திரம். வாங்கியவர் பேரை அவளே மெஷினில் வெட்டியும் கொடுப்பாள். கல்யாணச் சீர், காதுகுத்து மொய், பள்ளிவாசல் நன்கொடை, கோயில் உபயம், எதுவானாலும் சரி. கொடுத்தது யார் என்று பேரப்பிள்ளை காலத்திலும் தெரிகிற மாதிரி ஆழமாக வெட்டுவாள்.

அன்றைக்கு அவள் கோபம் முழுவதும் ஒரு மைக்கின் மேல் இருந்தது.

அழகர் மலையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். மறுநாள் விடிந்தால் ஆற்றில் இறங்குவார். அவரை எதிர்கொண்டு அழைக்க மதுரையே ரோட்டுக்கு வந்துவிட்டது. மத்தியான வெயிலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. செருப்பில்லாதவர்கள் துள்ளித் துள்ளிப் போனார்கள். ரோட்டோரம் ஒரு மோர்ப்பந்தல். பந்தலைவிடப் பெரியது அதன் மேல் கட்டியிருந்த பிளெக்ஸ். அதில் மோர் எங்கும் தென்படவில்லை. வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக ஜியாவுதீன்தான் ஆளுயரத்துக்கு நின்றார். ஃபர்னிச்சர் ஷோரூம் முதலாளி. வரப்போகிற வார்டு தேர்தலில் தான் நிற்க வேண்டும் என்று மக்கள் கேட்டுக்கொள்வதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டவர்.

பந்தலுக்குள் மதரஸா பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பையன்கள் வெள்ளைத் தொப்பி, பெண்பிள்ளைகள் வெள்ளை முக்காடு, ஆளுக்கொரு பேப்பர் கப் நிறைய மோர். நடுவில் மைக். மைக்குக்கு முன்னால் சபுராவின் மகள் சுமையா. எதிரே, இழுத்துக் கட்டிய ஒரு கயிற்றுக்கு அந்தப் பக்கம், தாகத்தோடு ஒரு கூட்டம். படம் எடுத்து முடிகிறவரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்று உத்தரவு.

"இன்னொருக்கா சொல்லு பாப்பா" என்றான் கேமராக்காரன் ஜூடு.

சுமையா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "அல்லாஹ்வின் பொருத்தத்தை மட்டும் நாடி, யாரும் பார்க்க வேண்டும் என்ற எண்ணமின்றி, தாகித்து வருவோருக்கு இந்த மோரை வழங்க நிய்யத்துச் செய்கிறேன்."

மற்ற பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நான்கு ஸ்பீக்கரும் அதைத் தல்லாகுளம் வரைக்கும் கொண்டுபோயின.

"குரல் சூப்பர். ஆனா 'யாரும் பார்க்க வேண்டும்'ங்கிற இடத்துல நீ என் கேமராவையே பாக்குறடா. அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் வானத்தப் பாரு."

"வெயில் கண்ணுல அடிக்குதுண்ணே" என்றாள் சுமையா.

"ஒரு செகண்டு தாம்மா. அப்பத்தான் எஃபெக்ட்டா இருக்கும்."

இந்த நிய்யத் யோசனை ஜியாவுதீனுடையது. நோன்புக்கும் தொழுகைக்கும் நிய்யத், அதாவது இன்ன எண்ணத்தோடு செய்கிறேன் என்ற உறுதி, வைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது உண்டு. அதே மாதிரி நல்ல காரியம் எதைச் செய்தாலும் மனதில் நிய்யத் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு கல்லை ரோட்டிலிருந்து எடுத்துப் போட்டாலும் அது அல்லாஹ்வின் பொருத்தத்துக்காக, அவன் திருப்திக்காக என்று இருக்க வேண்டும் என்று மதரஸாவில் சின்ன ஹஜரத் பாடம் நடத்தியிருந்தார். ஜியாவுதீன் காதில் அது விழுந்தது. உடனே வசனமாக எழுதச் சொல்லிவிட்டார். "நிய்யத்துங்கிறது மனசுல வைக்கிறது பாய்" என்று ஹஜரத் இழுத்தார். "மனசுல வச்சா வீடியோவுல எப்படித் தெரியும் ஹஜரத்?" என்றார் ஜியாவுதீன். ஹஜரத்துக்குச் சம்பளம் கொடுக்கும் கமிட்டிக்கு அவர்தான் பொருளாளர். ஹஜரத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சபுரா மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. மோர் அண்டா அவள் கடையில் வாங்கியது. ஜியாவுதீன் விலையைக் குறைக்கச் சொன்னார். "கொறைக்கிறேண்ணே. ஆனா மைக்குல எம்மகதான் பேசணும்" என்றாள். பேரம் அந்த இடத்திலேயே படிந்தது. 'அன்பளிப்பு: ஜியாவுதீன்' என்று அண்டாவில் அவளே வெட்டினாள். விலையைக் குறைத்ததற்கு எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக் கணக்கை நேர்செய்துகொண்டாள். சார்ஜாவில் இருக்கிற நாத்தனார் ரஹ்மத், தன் மகள் குர்ஆன் கிராஅத் ஓதிப் பரிசு வாங்குவதை வாரம் தவறாமல் வீடியோ அனுப்பி இவள் வயிற்றெரிச்சலை வளர்த்துவந்தாள். அதற்குப் பதில் அனுப்ப ஒரு வீடியோ வேண்டும். அந்த வசனத்தைச் சுமையாவுக்குச் சோறு ஊட்டும்போதும் தலை பின்னும்போதும் சொல்லிச் சொல்லி உருப்போட வைத்தது சபுராதான்.

இப்போது மைக் கரகரத்தது. ஒரு பையன் இருமினான். அப்புறம் பிளெக்ஸில் ஜியாவுதீன் முகத்தில் நிழல் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி முதலிலிருந்து. சபுராவுக்கு உள்ளே கொதித்தது. பிள்ளை முகம் சிவந்து, கையிலிருந்த மோர் சூடேறிவிட்டது.

கயிற்றோரம் அழகர் வேஷம் கட்டிய ஒருவர் வந்து அப்படியே குந்தி உட்கார்ந்தார். சிவப்புக் குல்லா, சலங்கை கட்டிய உடுப்பு, தோளில் ஆட்டுத்தோல் பை. சாமி மேல் தண்ணீர் பீய்ச்சுவதற்கு வைத்திருக்கும் தோப்பறை. நிறைமாதம் போல உப்பியிருந்தது. மனிதருக்கோ உதடு வெடித்துக் கண் சொருகியது.

"யோவ் உக்கிரபாண்டி" என்று கூட வந்தவர் உலுக்கினார். "வாடிப்பட்டியிலருந்து தண்ணிய சொமந்துகிட்டு வந்து, நாக்கு வறண்டு சாகப்போறியாய்யா? அதுல ஒரு வாய் குடிச்சா என்ன?"

"வாயக் கழுவு. இது சாமிக்குன்னு நெனச்சுக் கெணத்துல மோந்தது. எனக்குன்னு மோந்திருந்தா குடிக்க மாட்டனா?"

"ஏப்பா மோர்க்காரங்களா, இந்தாளுக்கு ஒரு கப்பு குடுங்கப்பா."

"ஒரு நிமிசம், ஒரே நிமிசம்" என்று ஜியாவுதீன் கையைக் காட்டினார். "பாப்பா, ஆரம்பி."

சுமையா ஆரம்பித்தாள். அல்லாஹ்வின் பொருத்தத்தை மட்டும் நாடி என்றாள். யாரும் என்றாள். அந்த இடத்தில் வானத்தைப் பார்க்க வேண்டியவள் கயிற்றோரம் பார்த்தாள். அவ்வளவுதான். வசனத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, கப்பை அந்த மனிதர் வாயில் வைத்தாள்.

கயிற்றைத் தாண்ட ஒரு பிள்ளைக்கு அனுமதி என்றால் ஊருக்கே அனுமதி என்று கூட்டம் முடிவுசெய்தது. கயிறு அறுந்தது. பிள்ளைகள் கையிலிருந்த கப்புகள் பறந்தன. அண்டா சாய்ந்தது. மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்திவிட்டு, அணையாமல் கிடந்தது.

"யாரு பிள்ளை இது? இதான் வளப்பா?" என்றார் ஜியாவுதீன். அருகிலிருப்பவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். கீழே கிடந்த மைக் அதை நான்கு ஸ்பீக்கருக்கும் எடுத்துச் சொன்னது.

சபுராவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று போனாள். மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பளீரென்று ஓர் அறை. அதையும் மைக் விடவில்லை.

"கேட்டுட்டுக் குடுக்கத் தெரியாதாடி ஒனக்கு?"

சுமையா அழவில்லை. கன்னத்தில் கையும் வைக்கவில்லை. உக்கிரபாண்டிதான் பதறி எழுந்தார்.

"ஏத்தா, பச்சப்பிள்ளைய எதுக்கு அடிக்கிற? குடிச்சது நானு." கப்பில் பாதி மிச்சமிருந்தது. அதைச் சபுராவிடம் நீட்டினார். "இந்தா, மிச்சத்த வேணும்னா வாங்கிக்க."

சபுரா அந்தக் கப்பை வாங்காமல் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் திட்டினாள். ஜியாவுதீனைத் திட்டினாள், ஜூடுவைத் திட்டினாள், வெயிலை, மைக்கை, குறைத்துக் கொடுத்த அண்டாவை. பிள்ளையை மட்டும் திட்டவில்லை. அறைந்துவிட்டோமே, அதற்கு மேல் பாக்கி என்ன என்று நினைத்தாள்.

பாக்கி அன்று சாயங்காலமே வரத் தொடங்கியது.

"அம்மா, பூனைக்கு மீன் முள்ளு போடவா?"

"போடேன். எதுக்குக் கேக்குற?"

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, பக்கத்து வீட்டு ஹன்ஸா கலர் பென்சில் கேக்குறா. குடுக்கவா?"

நேற்றுவரை அந்தக் கலர் பென்சில் டப்பா எந்த வீட்டில் இருக்கிறதென்று சபுராவுக்கே தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற பிள்ளை. அந்த ஓட்டைக் கையை எப்படி அடைப்பது என்று சபுராவே கவலைப்பட்டிருக்கிறாள். இப்போது அடைபட்டுவிட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். காலையிலேயே சார்ஜாவிலிருந்து போன்.

"மதினி, சுமையாவப் பாத்துட்டு நான் அழுதுட்டேன்" என்றாள் ரஹ்மத். "எங்க பில்டிங்கு பூரா அவ வீடியோதான். என்னா வளப்பு மதினி. எம்மகளுக்கெல்லாம் இந்தக் கொணம் வருமா?"

சபுரா வீடியோவைத் திறந்தாள். சுமையா மெதுவாக, மிக மெதுவாக, மிதப்பது போல ஓடினாள். பின்னால் உருக்கமான இசை. கப்பை அந்த மனிதர் வாயில் வைக்கிறாள். 'யாரும் சொல்லவில்லை, அந்தப் பிஞ்சு ஓடியது' என்று எழுத்து வந்தது. அடுத்தது ஜியாவுதீன் முகம். "எங்க மதரஸாவுல பிள்ளைகளுக்கு நாங்க சொல்லிக்குடுக்குறது இதத்தான்." அறைக்குக் கொஞ்சம் முன்னால் கத்தரித்திருந்தார்கள். நல்ல சுத்தமான கத்தரிப்பு.

நாத்தனார் வாயால் பாராட்டு. அவள் எதற்காக அண்டாவின் விலையைக் குறைத்தாளோ அந்தச் சரக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே தன் கை அச்சு விழுந்த பிள்ளையின் கன்னம். திருப்பிக் கொடுக்க எந்தக் கடையும் இல்லை. "வக்கிறேன் ரஹ்மத்து, கடையில ஆள் நிக்குது" என்றாள். கடையே இன்னும் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. சுமையாவும் கடைக்கு வந்தாள். உச்சிப்பொழுதுக்கு ஆற்றிலிருந்து கூட்டம் திரும்பத் தொடங்கியது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி படியேறி வந்து, "பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றாள்.

சுமையா குடத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"குடுக்கவாம்மா?"

சபுரா எழுந்துபோய்த் தானே கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் குழந்தை மேல் கொஞ்சம் சிந்தியது. யார் மேல் கோபப்படுவது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, கூப்பிட்டனுப்பியது போல ஜியாவுதீன் வந்தார். பின்னாலேயே ஜூடு, கழுத்தில் கேமரா.

"தங்கச்சி, நேத்துப் பேசுனத மனசுல வச்சுக்காத. பிள்ளை கலக்கிட்டா. சென்னையிலருந்தெல்லாம் போன். இன்னிக்கு அதே மாதிரி இன்னொண்ணு எடுத்துருவோம். திடுதிப்புனு ஓடணும், யாரும் சொல்லாத மாதிரி. மயங்கி விழுறதுக்கு ஒரு பெரியவரையும் பிடிச்சு வச்சிருக்கேன்."

சுமையா அம்மாவைப் பார்த்தாள். "ஓடவாம்மா?"

சபுரா கையில் பேர் வெட்டுகிற மெஷின் இருந்தது. அதை மெதுவாகத்தான் மேஜையில் வைத்தாள். அவளை அறிந்தவர்கள் அந்த நிதானத்தைக் கண்டு நகர்ந்திருப்பார்கள்.

"நான் அறைஞ்சதையும் எடுத்தானாண்ணே ஒங்க ஆளு?"

"அத எதுக்கு இப்ப..."

"இல்ல, எடுத்திருந்தா அதையும் போடுங்க. எங்க மதரஸாவுல இதையுந்தான் சொல்லிக்குடுக்குறோம்னு கீழ எழுதுங்க. நீங்க நிய்யத்த மைக்குல விட்டீங்க, நான் அதுக்கு எம்பிள்ளைய அட்வான்ஸாக் குடுத்தேன். ரெண்டு பேரும் வியாபாரிங்க. நடுவுல அது ஒண்ணுதான் வியாபாரம் தெரியாம ஓடுச்சு. அதையும் கெடுத்தாச்சு. இப்ப எம்மக பூனைக்கு முள்ளுப் போட எங்கிட்டப் பெர்மிசன் கேக்குறாண்ணே."

"கோவப்படாத. நல்லது நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே நாலு பேரு செய்வாங்க."

"தெரியட்டும். அதுக்கு மோரு தெரிஞ்சாப் போதுமே. ஒங்க மூஞ்சி எதுக்கு அதுல மெதக்குது?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். ஜூடு கையைக் கேமரா பக்கம் கொண்டுபோனான்.

"தம்பி ஜூடு, அதத் தொட்ட, கேமரா மேல ஒம்பேர வெட்டிருவேன். ஆழமா."

ஜூடு கையை இறக்கினான். ஜியாவுதீன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட்டு வச்சிருக்கேன், ஆள்கிட்டக் குடுத்துவிடுறேன்" என்று சொல்லிப் படியிறங்கினார். அந்த நிலைமையிலும் எதையாவது கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லாமல் அவரால் போக முடியவில்லை.

சபுராவின் கோபம் இறங்கவில்லை. மேல் தட்டிலிருந்து புது அண்டா ஒன்றை இறக்கினாள். கடையிலேயே கனமான உருப்படி. வாசலில் ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் நிரப்பினாள். சுமையாவை அருகில் நிறுத்திக் கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

"பேர் வெட்டலயாம்மா?"

"எவ பேர வெட்ட? நில்லு. கேக்குறவங்களுக்குக் குடு. எங்கிட்டக் கேக்காத."

"சரிம்மா."

முதல் ஆள் வந்தான். சுமையா கேட்கவில்லை. ஆனால் டம்ளரை முக்குவதற்கு முன்னால் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள். இரண்டாவது ஆளுக்கும் அப்படியே. சபுரா சிரித்துப் பார்த்தாள். பிள்ளை அந்தச் சிரிப்பை அனுமதியாக வாங்கிக்கொண்டு கொடுத்தது. முகத்தை இறுக்கிக்கொண்டாள். தப்பு செய்துவிட்டோமோ என்று டம்ளர் பாதியில் நின்றது. வேறெங்கோ பார்ப்பது போல நடித்தாள். அம்மா திரும்பும்வரை பிள்ளை காத்திருந்தது, தாகத்தோடு வந்தவரும் காத்திருந்தார். கேட்காமல் கொடு என்று சொன்னாளே, அதுவும் ஓர் உத்தரவாகப் போய்விட்டது. நேற்று ஜூடு வைத்த கேமராவைவிடப் பெரிய கேமரா தன் கழுத்துக்கு மேல் இருக்கிறதே என்று அவளுக்கு அப்போது எரிந்தது.

பாத்திரக் கடைக்காரி எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், வாசலைக் கண்ணிலிருந்து விடமாட்டாள். சபுரா அதையும் விட்டுவிட்டு உள்ளே போனாள். கொக்கியால் ஷட்டரை எட்டி இழுத்தாள். தடதடவென்று அது முழங்காலளவுக்கு இறங்கி நின்றது.

"அம்மா?" என்றது வெளியிலிருந்து குரல்.

"கணக்குப் பாக்குறேன். கூப்பிடாத."

பார்க்கக் கணக்கு எதுவும் இல்லை. இருட்டில், அடுக்கிவைத்த குண்டான்களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. மின்விசிறியைப் போட்டால் வெளிச் சத்தம் கேட்காது என்று போடவில்லை. ஷட்டருக்குக் கீழே தெரிந்ததெல்லாம் கால்கள். வெறுங்கால்கள், சேறு காய்ந்த கால்கள், ஆற்று மணல் ஒட்டிய கொலுசுக் கால்கள். நடுவில் சுமையாவின் நீலச் செருப்பு.

ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது. நீலச் செருப்பு ஷட்டர் பக்கம் திரும்பியது. அங்கே பார்க்க முகம் இல்லை. தகரத்தைப் பார்த்துக்கொண்டு அது கொஞ்ச நேரம் நின்றது. சபுரா பல்லைக் கடித்துக்கொண்டாள். 'குடுடீ' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். வாயை மூடியிருப்பதைப் போல ஒரு கஷ்டமான வேலை அவள் ஆயுளில் செய்ததில்லை.

அந்தக் கால்கள் நகர்ந்துபோயின. தண்ணீர் வாங்காமலேயே.

எழுந்து ஷட்டரைத் தூக்கிவிடலாம் போலிருந்தது. பேரம் பேசுகிறவளுக்கு ஒன்று தெரியும். முதலில் எழுந்திருக்கிறவன் தோற்றான். உட்கார்ந்திருந்தாள். யாரோடு பேரம் என்றுதான் தெரியவில்லை. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

அப்புறம் ஒரு ஜோடிக் கால் வந்தது. ஷூ. தெருப் புழுதியெல்லாம் அதன் மேல்தான். விடியலிலிருந்து ஆற்றங்கரைக்கும் ரோட்டுக்கும் ஓடிய ஷூ. படியருகில் வந்து தயங்கியது. ஜூடு.

"பாப்பா, அம்மா எங்க?" குரல் ரகசியமாக, வறண்டு வந்தது.

"உள்ள இருக்காங்க. கோவமா இருக்காங்க."

"அது தெரியும். ஒரு சாரி சொல்லலாம்னு... வேணாம், அப்புறம் வாரேன்." ஷூ திரும்பியது.

நீலச் செருப்பு ஷட்டர் பக்கம் திரும்பவில்லை. ஓரடி முன்னால் எடுத்து வைத்தது.

"அண்ணே, நில்லுங்க. ஒங்களுக்கு நாக்கு ஒட்டுது. தண்ணி குடிங்க."

அண்டாவில் டம்ளர் முங்கும் சத்தம் கேட்டது. ஒரே மூச்சில் தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தமும் கேட்டது. "இன்னொரு டம்ளர்" என்றாள் சுமையா, அவன் கேட்பதற்கு முன்பே. தண்ணீர் கொஞ்சம் சிந்தி, ஷட்டருக்கு அடியில் ஓடிவந்து சபுராவின் பெருவிரலைத் தொட்டது.

வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"ஊர்ல ஒரு ஆள் கெடைக்கலயா இவளுக்கு" என்று இருட்டில் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். "மொத டம்ளரு அந்தக் கேமராக்காரனுக்கா."

ஷட்டரை அவள் தூக்கவில்லை.